சீருக்கும் ஒரு பஞ்சாங்கம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆடித் தள்ளுபடியில் தொடங்கி தைப்பொங்கல் முடியும்வரை ஜவுளி, நகை, பாத்திர விளம்பரங்கள் நாளிதழ்களில் பக்கம் பக்கமாக வருகின்றன. என்ன வாங்கலாம் என்ற யோசனைக்கு அவற்றில் பஞ்சமே இல்லை. எதை எப்போது வாங்குவது, யாருக்கு எந்த அளவில் வாங்குவது என்பதைத்தான் யாரும் எழுதுவதில்லை. தீபாவளிக்கு முந்தின ஞாயிறு வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டு ஜவுளிக்கடை நெரிசலில் அகப்பட்டு, கைக்கு வந்த நாலு சேலை, மூன்று சட்டையை அள்ளிக்கொண்டு வருகிறவர்கள் சிக்கனக்காரர்கள் அல்லர். நிதானமாக வாங்கியவர்களைவிட அவர்களுக்குத்தான் செலவு அதிகம். அந்தச் சட்டைகளில் ஒன்று கழுத்தில் பூட்டாது. சேலைகளில் ஒன்று பீரோவில் கிடந்து, அடுத்த வருஷம் இன்னொரு வீட்டுத் தாம்பாளத்துக்குப் போய்ச் சேரும்.

வடசென்னைக் குடும்பம் ஒன்றின் ஒரு வருஷத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பொங்கல் சீர், ஆடி சீர், தலைதீபாவளி, அக்கா தங்கைக்குக் கார்த்திகைச் சீர், நடுவில் ஒரு வளைகாப்பு, ஒரு காதுகுத்து, பிறந்தநாள்கள், பெரியவர் ஒருவருக்கு அறுபதாம் கல்யாணம். ராயபுரம் பக்கம் கிறிஸ்துமஸ், மண்ணடிப் பக்கம் ரம்ஜான். பதினைந்துக்குக் குறையாது. இவற்றில் திடீரென்று வருவது ஒன்றிரண்டுதான். மற்றதெல்லாம் வரப்போகிறது என்று முன்பே தெரிந்தவை.

ஆகவே முதல் வேலை ஒரு நாற்பது பக்க நோட்டு. மொய் நோட்டு என்பது வந்ததை எழுதுவது. இது கொடுக்கப்போவதை எழுதுவது. ஆளுக்கு ஒரு பக்கம். மேலே நாள், நடுவில் அளவுகள், கீழே அவர் வாயிலிருந்து வந்த பேச்சு. “மிக்ஸி ஜாரு ஒழுகுது”, “இந்தச் செருப்பு கடிக்குது”, “ராத்திரியில கரண்ட் போனா படி தெரியல” என்று ஒருவர் சொன்னால் அன்றைக்கே எழுதிவிட வேண்டும். “உனக்கு என்ன வேணும்” என்று நேரில் கேட்டால் நம் ஊரில் “ஒண்ணும் வேணாம்ப்பா” என்றுதான் பதில் வரும். நாள்களை மட்டும் ஆண்டுதோறும் ஜனவரியில் திருத்த வேண்டும். தீபாவளி அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடுவரை எங்கு வேண்டுமானாலும் விழும். ரம்ஜான் ஒவ்வொரு வருஷமும் பத்து, பதினோரு நாள் முன்னால் நகரும். போன வருஷ மாதத்தை நம்பியிருந்தால் தவறும்.

அளவுதான் பெரும்பாலோர் சறுக்கும் இடம். ஆண்கள் சட்டையில் ‘40’ என்று போட்டிருந்தால் ஒரு கம்பெனியில் அது கழுத்துச் சுற்றளவு, செண்டிமீட்டரில். இன்னொரு கம்பெனியில் அதுவே மார்பளவு, அங்குலத்தில். இரண்டும் ஒன்றல்ல. அவர் அடிக்கடி விரும்பிப் போடும் சட்டையைத் தரையில் விரித்து, அக்குளிலிருந்து அக்குள், தோள் தையலிலிருந்து தோள் தையல், காலருக்குக் கீழிருந்து அடிவரை என்று மூன்று அளவை டேப்பால் எடுத்து எழுதிக்கொள்ளுங்கள். கடையில் சட்டையைப் பிரித்து அதே மூன்றையும் அளந்துவிட்டால் லேபிளைப் பார்க்கவே தேவையில்லை.

வளையலில் இன்னொரு குழப்பம். 2.4, 2.6, 2.8 என்பவை தசம எண்கள் அல்ல. புள்ளிக்குப் பின்னால் வருவது அங்குலத்தில் பதினாறில் இத்தனை பங்கு. 2.4 என்றால் உள்விட்டம் இரண்டேகால் அங்குலம், அதாவது சுமார் 57 மி.மீ. 2.6 சுமார் 60 மி.மீ., 2.8 சரியாக இரண்டரை அங்குலம், 63.5 மி.மீ. இதனால்தான் 2.10 என்பது 2.8-ஐவிடப் பெரியது. இது தெரியாமல் ‘ரெண்டு பத்து’ சின்னது என்று வாங்கிவந்து ஏமாறுகிறவர்கள் உண்டு. அவர் போட்டிருக்கும் வளையல் ஒன்றை ஸ்கேலின்மேல் வைத்து உள்விளிம்பிலிருந்து உள்விளிம்பு அளந்தால் போதும். வளைகாப்புக்குக் கண்ணாடி வளையல் வாங்கும்போது கர்ப்பிணியின் கை வீங்கியிருக்கும் என்பதையும் சேர்த்து ஓர் அளவு கூட்டி வாங்குங்கள். இல்லாவிட்டால் போடும்போதே உடைந்து, கையைக் கீறி, சபையில் முகம் சுருங்கும்.

செருப்புக்குக் காலைக் காகிதத்தில் வைத்து வரைந்துகொள்வதே நல்லது. சாயங்காலம் வரையுங்கள், நாள் முழுக்க நின்ற கால் காலையில் இருப்பதைவிடச் சற்றுப் பெருத்திருக்கும். இரண்டு காலையும் வரைந்து, பெரியதற்கு வாங்க வேண்டும். லுங்கிக்கு நீளம் 2 மீட்டர், 2.25 மீட்டர் என்று பார்ப்பவர்கள் அகலத்தைப் பார்ப்பதில்லை. உயரமான ஆளுக்குக் கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே நிற்பது அகலக் குறைவால். மூட்டிய லுங்கியாக வாங்குவதோ, வாங்கியதை மூட்டிக் கொடுப்பதோ உத்தமம்.

இரண்டாவது விஷயம் காலம். ‘எல்லாவற்றையும் முன்கூட்டியே வாங்கிவிடு’ என்ற அறிவுரை பாதி சரி, பாதி தப்பு. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு முகூர்த்தம் உண்டு.

தையல் சம்பந்தப்பட்டதெல்லாம் இரண்டு மாதம் முன்னால். தீபாவளிக்குச் சில வாரம் முன்பே தையல்காரர்கள் ‘ஆர்டர் முடிஞ்சுபோச்சு’ என்று சொல்லிவிடுவார்கள். பிறகு ஐப்பசியில் போய்ச் சேலையைக் கையில் கொடுத்தால், அந்தப் பெண் பண்டிகையன்று பழைய ஜாக்கெட்டைத்தான் போட வேண்டும். ஆவணிக்குள் சேலை அவர் கைக்குப் போய்விட வேண்டும். அதோடு ஜாக்கெட் துணியும் தையல்கூலியும் சேர வேண்டும். வழக்கமான அளவுக்கு 80 செ.மீ. துணி போதும், நீளக் கை, பருத்த உடம்பு என்றால் 1 மீட்டர். நிறம் பார்க்கக் கடை விளக்கை நம்பாமல் வாசலுக்கு எடுத்துவந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். சட்டைப் பிட்டும் பேன்ட் பிட்டும் மட்டும் மடித்துக் கொடுப்பது வாங்குபவர் தலையில் செலவைக் கட்டுவது. துணி விலைக்குச் சமமாகத் தையல்கூலி நிற்கும் காலம் இது.

சேலையின் கீழ் விளிம்பில் உள்பக்கமாக ஃபால்ஸ் துணி அடித்து, முந்தியில் குஞ்சம் கட்டிக் கொடுத்தால் அன்றைக்கே கட்டிக்கொள்ளலாம். ஒரு எச்சரிக்கை: ஃபால்ஸ் துணியை முதலில் தண்ணீரில் நனைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்ட பிறகே தைக்கச் சொல்லுங்கள். பருத்தி ஃபால்ஸ் முதல் சலவையில் சுருங்கும், சேலை சுருங்காது. விளிம்பு முழுக்க அலை அலையாக இழுத்துக்கொண்டு நிற்பதற்கு அதுதான் காரணம்.

ஆடித் தள்ளுபடியில் வாங்கித் தீபாவளிவரை வைத்திருப்பது நல்ல கணக்குதான். ஆனால் சேலையைக் கடையிலேயே முழுசாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். பழைய சரக்கு என்றால் மடிப்புக் கோட்டில் வெளுத்திருக்கும். ஈரக் கைக்குட்டையால் பார்டரின் உள்பக்கத்தை லேசாகத் தேய்த்தால் சாயம் நிற்குமா என்று தெரிந்துவிடும். பட்டு என்றால் மத்திய பட்டு வாரியத்தின் சில்க் மார்க் அட்டை இருக்கிறதா பாருங்கள். சந்தேகம் இருந்தால் முந்தி நூல் இரண்டைக் கொளுத்திப் பார்க்கலாம். பட்டு, முடி கருகும் வாசனையோடு எரிந்து, விரலில் தேய்த்தால் பொடியாகும். பாலியஸ்டர் உருகி மணிபோல் கெட்டியாகும்.

வைத்திருக்கும் விதமும் உண்டு. காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலை ஒட்டிய வீடுகளில் காற்றின் ஈரமும் உப்பும் பீரோவுக்குள்ளும் வரும். பிளாஸ்டிக் உறையில் ஈரம் அடைபட்டால் ஜரிகை கறுத்துப்போகும். பழைய மல் வேட்டியில் சுற்றி, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றி வையுங்கள். பாச்சை உருண்டை ஜரிகையில் படக்கூடாது. மழைக்காலத்தில் தெருத் தண்ணீர் வீட்டுக்குள் வரும் பகுதிகளில் கட்டிலுக்கடியில் எதையும் ஒளித்து வைக்காதீர்கள். சீர்ச் சாமான் பரண்மேல்தான் இருக்க வேண்டும்.

இதற்கு நேர் எதிர், மின்சாரப் பொருள்கள். மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி எல்லாவற்றுக்கும் உத்தரவாதம் பில் போட்ட நாளிலிருந்து ஓடத் தொடங்கிவிடும். ஜூலையில் வாங்கி நவம்பரில் கொடுத்தால் நாலு மாத உத்தரவாதம் அட்டைப்பெட்டிக்குள்ளேயே தீர்ந்துபோகிறது. இவற்றைக் கொடுக்கும் நாளுக்குப் பத்து நாள் முன்னால் வாங்கி, கடையிலேயே ஓட்டிப் பார்த்து, முத்திரை போட்ட உத்தரவாத அட்டையையும் பில்லையும் பெட்டிக்குள் வைத்துக் கொடுங்கள். விலை தெரிந்துவிடுமே என்று பில்லை ஒளித்தால், பழுது வரும்போது அவர் உங்களிடம்தான் ஓடிவர வேண்டும். குழந்தைத் துணியையும் ஒரு மாதத்துக்கு முன்னால் வாங்காதீர்கள், பிள்ளை வளர்ந்துவிடும். இனிப்பு கடைசி மூன்று நாளில். பால் இனிப்பை முன்னதாக வாங்கி அடுக்கினால் புளித்துத்தான் போய்ச் சேரும்.

தங்கம் இந்தக் கணக்குக்கே வராது, அது சேர்ந்து சேர்ந்து வருவது. நகைக்கடைச் சீட்டுகள் பதினோரு மாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. பொருளுக்காக வாங்கிய முன்பணத்தை 365 நாளுக்குள் பொருளாகக் கொடுக்காவிட்டால் அது டெபாசிட் ஆகிவிடும் என்பது 2014-ம் ஆண்டு கம்பெனி டெபாசிட் விதி. சேர்வதற்கு முன் மூன்றைக் கேளுங்கள்: சேதாரத்தில் எத்தனை சதவீதம்வரை தள்ளுபடி, நாணயம் வாங்க முடியுமா, ஒரு தவணை தவறினால் என்ன ஆகும். வாங்கும்போது இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ்.ஸின் முத்திரை, 22 காரட்டைக் குறிக்கும் 22கே916 என்ற தரம், எழுத்தும் எண்ணும் கலந்து ஆறு இலக்கமாக வரும் எச்.யு.ஐ.டி. என்ற அடையாள எண் ஆகிய மூன்றும் நகையில் இருக்க வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் எச்.யு.ஐ.டி. இல்லாமல் விற்கக்கூடாது. அந்த ஆறையும் பி.ஐ.எஸ். கேர் செயலியில் தட்டினால் விவரம் வரும். ஆனால் 2 கிராமுக்குக் குறைந்த நகைக்கு இந்தக் கட்டாயம் கிடையாது. நம் வீடுகளில் காதுகுத்துக்கும் பெயர் சூட்டலுக்கும் போடுவது பெரும்பாலும் அரை கிராம், ஒரு கிராம்தான். அங்கேதான் தரம் குறைந்தது நுழையும். சின்ன நகையை முத்திரையோடு கேளுங்கள், இல்லையென்றால் தெரிந்த கடையில் மட்டும் வாங்குங்கள்.

தெருவில் ஒருவர் வாராவாரம் பிடிக்கும் தீபாவளிச் சீட்டைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். பலகாரம், பட்டாசு, பாத்திரம், ஒரு கிராம் தங்கம் என்று அட்டை அடித்துக் கொடுப்பார்கள். கையில் இருப்பது அந்த அட்டை ஒன்றுதான். 1982-ம் ஆண்டுச் சிட்பண்ட் சட்டப்படி பதிவான சீட்டு வேறு, இது வேறு. ஆள் ஐப்பசியில் வீட்டைப் பூட்டிவிட்டுப் போனால் பொருளாதாரக் குற்றப் பிரிவில் புகார் கொடுக்கலாம், ஆனால் அந்தப் பண்டிகைக்குப் பணம் வராது. வங்கியில் 12 மாதத் தொடர் வைப்பு போட்டால் மாதம் 500 ரூபாய் வருஷத்தில் 6,000 ரூபாயும் வட்டியுமாகத் திரும்பும். அதைத் தீபாவளி முடிந்த கையோடு தொடங்காதீர்கள். அடுத்த தீபாவளி பதினோரு நாள் முன்னால் வந்தால் பணம் முதிர்வதற்குள் பண்டிகை போய்விடும். ஆடியில் தொடங்கினால் அடுத்த ஆடியில் கையில் வரும், ஆவணித் தையலுக்கும் சரியாக இருக்கும். அஞ்சலகத் தொடர் வைப்பு 100 ரூபாயில் தொடங்கலாம் என்றாலும் அது ஐந்து வருஷக் கணக்கு, இதற்கு ஒத்துவராது.

எங்கே வாங்குவது? வடசென்னைக்காரர்கள் தி.நகருக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை. விம்கோ நகர்வரை மெட்ரோ 2021 பிப்ரவரியிலேயே வந்துவிட்டது. வண்டியை வீட்டில் விட்டுவிட்டு மண்ணடியிலோ உயர் நீதிமன்றத்திலோ இறங்கினால் எல்லாம் நடக்கும் தூரம். மொத்த ஜவுளிக்குக் கோடவுன் தெரு. பொம்மைக்கும் ஃபேன்சி சாமானுக்கும் காசி செட்டி தெரு. கண்ணாடிக்கும் படச்சட்டத்துக்கும் தேவராஜ முதலி தெரு. பிள்ளை பெற்ற வீட்டுக்கு மருந்துச் சாமான் வாங்க ராசப்ப செட்டி தெரு. ஞாயிற்றுக்கிழமை மொத்தக் கடைகள் பெரும்பாலும் அடைத்திருக்கும். செவ்வாய், புதன் முற்பகல் போனால் கடைக்காரருக்குப் பேச நேரம் இருக்கும். மொத்தக் கடையில் சேலை ஒரே டிசைனில் நிறம் மாற்றி, கட்டாகத்தான் வரும். மூன்று குடும்பம் சேர்ந்து ஒரு கட்டு வாங்கிப் பிரித்துக்கொள்ளலாம். இதில் இன்னொரு லாபமும் உண்டு: ஓர்ப்படிகளுக்குள் ‘அவளுக்கு மட்டும் விலை கூடினது’ என்ற பேச்சே எழாது.

பொம்மையில் ஐ.எஸ்.ஐ. முத்திரை 2021 ஜனவரி முதல் கட்டாயம். பர்மா பஜார் நடைபாதைச் சரக்கில் அதைத் தேடுங்கள். பட்டன் பேட்டரி போடும் பொம்மையென்றால் மூடி திருகாணியால் முடுக்கியிருக்க வேண்டும். குழந்தை அதை விழுங்கினால் உணவுக்குழாயையே அரித்துவிடும்.

எவர்சில்வரைக் காந்தம் வைத்துப் பார்ப்பது பழைய பழக்கம், அது பயன்படாது. 304 ரகத்தில் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். 200 வரிசை ரகங்களில் நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்க்கிறார்கள். இரண்டையுமே காந்தம் பெரும்பாலும் பிடிக்காது, ஆனால் புளியும் உப்பும் கடற்காற்றும் பட்டால் இரண்டாவதுதான் முதலில் புள்ளி விழும். அடியில் 304 என்று பொறித்திருக்கிறதா பாருங்கள். பேர் வெட்டுவதற்கு முன்னால் ஒட்டையும் விளிம்பையும் தடவிப் பாருங்கள். பேர் வெட்டிய பாத்திரத்தை எந்தக் கடையும் மாற்றித் தராது.

வயதானவர்களுக்குத்தான் நாம் மிக மோசமாகப் பரிசு கொடுக்கிறோம். மூன்றாவது சால்வை, நாலாவது ஃபிளாஸ்க். அவர்களுக்கு வேண்டியது அளவெடுத்த பொருள். ரத்த அழுத்தக் கருவி என்றால் மேற்கையின் சுற்றளவை அளந்துகொண்டு போங்கள். கருவியோடு வழக்கமாக வரும் பட்டை 22 முதல் 32 செ.மீ. கைக்கானது. பருத்த கையில் சின்னப் பட்டையைக் கட்டினால் அழுத்தம் கூடுதலாகக் காட்டி, வீட்டையே பயமுறுத்தும். கைத்தடி என்றால் செருப்போடு நேராக நிற்க வைத்து, கையைத் தொங்கவிட்டு, மணிக்கட்டு மடிப்பிலிருந்து தரைவரை அளக்க வேண்டும். கூடவே அடி ரப்பர் இரண்டு உபரியாக வாங்கிக் கொடுங்கள். ரப்பர் தேய்ந்த தடி, தடி இல்லாததைவிட ஆபத்து. பழைய படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போடுவதும் நல்ல யோசனைதான், ஆனால் படம் கண்ணாடியில் ஒட்டாமல் நடுவில் அட்டை மவுண்ட் வைக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் இந்த ஊர் ஈரத்தில் இரண்டு மழைக்காலத்துக்குள் முகம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும்.

உதிரிப் பாகத்தைப் பரிசாகக் கொடுக்கலாமா என்று சிரிப்பவர்கள் உண்டு. தாராளமாகக் கொடுக்கலாம். குக்கர் கேஸ்கெட், வெயிட், கைப்பிடி, மிக்ஸி ஜார் கப்ளர் ஆகியவற்றை மாற்றிக் கொடுத்தால், புதுக் குக்கர் கொடுத்ததைவிட அந்த வீட்டு அம்மா நினைத்துக்கொள்வார். கம்பெனியும் லிட்டரும் எழுதிக்கொண்டு போக வேண்டும். 3 லிட்டர் கேஸ்கெட் 5 லிட்டருக்கு உட்காராது, உள்மூடிக் குக்கருக்கும் வெளிமூடிக் குக்கருக்கும் வேறு வேறு.

உள்ளூர்க்காரர்கள் மட்டும் கொடுக்கக்கூடிய ஒன்றும் உண்டு. வெளியூர் உறவுக்குக் காசிமேட்டுக் கருவாடு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடை. அதற்கு முன்னால் மாசி, பங்குனி வெயிலில் காய்ந்த நெத்திலியையும் வஞ்சிரத்தையும் வாங்குங்கள். வளைத்தால் ஒடிய வேண்டும், மடங்கினால் ஈரம் இருக்கிறது. இளஞ்சிவப்பாகப் படர்ந்திருந்தால் கெடத் தொடங்கிவிட்டது. மழைக்காலத்தில் வாங்குவதே வேண்டாம். காகிதத்தில் இரண்டு சுற்று சுற்றி, மூடி இறுகும் டப்பாவில் வைக்காவிட்டால் பேருந்தில் பக்கத்து சீட்டுக்காரர் நம்மை வாழ்த்தமாட்டார்.

கடைசியாக, கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். தங்கள் நாளிதழ் வழியாகப் போனால் காதில் விழும். ‘விற்ற பொருள் திரும்பப் பெறமாட்டாது’ என்று இன்னும் பில்லில் அச்சடிக்கிறார்கள். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில்லில் கெடு எதுவும் போடாதபோது, குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிகம். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ல் புகார் சொல்லலாம். ஆனால் அளவு சேரவில்லை என்பது குறைபாடு ஆகாது, அதை மாற்றித் தருவது கடைக்காரர் மனசுதான். முன்கூட்டி வாங்குபவருக்கு இந்த 30 நாளும் கொடுப்பதற்கு முன்பே ஓடிவிடுகிறது. பரிசுக்காக வாங்குகிறேன் என்று சொன்னால், கொடுக்கப்போகும் தேதியைப் பில்லில் எழுதி, அன்றிலிருந்து பதினைந்து நாளுக்குள் அளவு மாற்றித் தருவதாக ஒரு வரி சேர்க்கட்டும். விலை போடாத மாற்றுச் சீட்டு ஒன்றைத் தனியாகக் கொடுக்கட்டும். எம்.சி. ரோட்டில் பத்துக் கடை இதைத் தொடங்கினால், ஆடியிலேயே தீபாவளி வியாபாரத்தின் ஒரு பங்கு நடந்துவிடும். கடைசி வார நெரிசலில் அவர்களுக்கும் மூச்சுவிட இடம் கிடைக்கும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பழைய வண்ணாரப்பேட்டை,
சென்னை - 600 021.